கானுயிர் மறுவாழ்வுப் பயிற்சி: புதிதாக வருபவர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

அடிபட்ட காட்டுயிருக்குச் சிகிச்சை தொடங்கும் முன்பே ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: இது திரும்பிப் போய்த் தானே இரை தேடுமா, எதிரியிடமிருந்து தப்புமா, தன் இனத்தோடு சேருமா? வீட்டு நாய்க்கு மூன்று கால் போதும். மூன்று கால் மான் காட்டில் பிழைப்பது கடினம். இந்தக் கேள்வியை முதல் நாளே எழுப்பி, ஒவ்வொரு பாடத்தையும் அதோடு கட்டிப் போடுகிற பயிற்சிதான் சேர்வதற்குத் தகுந்தது. விலங்குகள் மீதுள்ள அன்பைப் பற்றி மட்டுமே பேசும் பயிற்சிகளும் நிறைய உண்டு. அவற்றில் பணமும் நேரமும்தான் போகும்.

யாருக்கு எது குறைவு

இந்தத் துறைக்கு வருபவர்கள் இரண்டு வகை. மறுவாழ்வுப் பணியாளர் ஆக விரும்புபவருக்குப் பொதுவாக விலங்கின் பழக்கவழக்கம் தெரியும், பொறுமையும் இருக்கும். உடலியலும் கணக்கும் தெரியாது. கால்நடை மருத்துவருக்கு மருந்தும் அறுவையும் கைவரும். ஆனால் பட்டப்படிப்பில் காட்டு இனங்களுக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவாக இருந்திருக்கும். கூண்டு அமைப்பு, இரை, மன அழுத்தம், விடுவிப்பு பற்றிக் கேட்டால் தடுமாறுவார். ஆகவே இருவருக்கும் ஒரே பாடத்திட்டம் பொருந்தாது. ஆனாலும் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கற்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அது நோயாளி விலங்கு வந்து சேர்ந்த முதல் நாள்.

சேருவதற்கு முன் முடிக்க வேண்டியவை

முதலில் சட்டம். பல நாடுகளில் காட்டு விலங்கை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். காப்பாற்றத்தான் எடுத்தேன் என்பது எல்லா இடத்திலும் செல்லாது. பயிற்சிச் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு என்பதைப் புதியவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். பல இடங்களில் உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் குறிப்பிட்ட காலம் வேலை செய்த ஆதாரமும், துணை நிற்க ஒப்புக்கொண்ட கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் கேட்பார்கள். உங்கள் பகுதியின் வனத்துறையிடமோ கானுயிர் அதிகாரியிடமோ நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அவற்றை நிறைவேற்ற உதவும் பயிற்சியைத் தேடுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் பயன்படாத சான்றிதழ் ஒன்று கையில் இருக்கும்.

அடுத்து தடுப்பூசி. பாலூட்டிகளைத் தொடப்போகும் எவரும் வெறிநோய்க்கு (ரேபிஸ்) முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய முறைப்படி இரண்டு நாள் போதும்: முதல் ஊசி போடும் நாளை 0 என்று கொண்டால், 0 மற்றும் 7. தொடர்ந்து ஆபத்தில் வேலை செய்பவர்கள் இடையிடையே இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்ப்பார்கள், மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் கீழே போனால் ஊக்க ஊசி. முன்பே போட்டிருந்தாலும் கடி பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், 0 மற்றும் 3 ஆம் நாள் ஊசியும் உண்டு. முன்தடுப்பு இருப்பதால் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் பொருள் ஊசி) தேவைப்படாது. வௌவால் கடி பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. வெறும் கையால் தொட்டாலே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். டெட்டனஸ் ஊசியும் நடப்பில் இருக்கட்டும்.

ஒரு பயிற்சியை எப்படி எடைபோடுவது

விளம்பரத்தில் உள்ள படங்களை விட்டுவிட்டு நேரே கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை நோயாளிகள் வருகின்றன, எந்தெந்த இனம்? செய்முறையில் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? குழாய் செருகுவதையும் கட்டுப் போடுவதையும் உயிருள்ள விலங்கைத் தொடுமுன் இறந்த உடல்களில் பழக்குகிறார்களா? மருத்துவர் அங்கேயே இருக்கிறாரா, தொலைபேசியில் மட்டும் கிடைப்பாரா? புதிய வரவுகளைத் தனிமைப்படுத்த தனி அறை இருக்கிறதா?

கடைசியாக, விடுவித்தவை, இறந்தவை, கருணைக்கொலை செய்தவை எத்தனை என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்காத இடத்தை நம்பலாம். இங்கே எதுவும் சாவதில்லை என்று சொல்லும் இடத்தில் பிழைக்க வழியில்லாத விலங்குகள் கூண்டில் கிடக்கின்றன, அல்லது பதிவேடு இல்லை. குட்டிகளை மடியில் வைத்துப் படம் எடுக்கவும் பால் புகட்டவும் கட்டணம் வாங்கும் இடங்களைக் கழித்துவிடுங்கள். அங்கே கற்பது அத்தனையும் பிறகு மறக்க வேண்டியவை.

அடிப்படைப் பயிற்சிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் வகுப்பாகவோ இணையவழியாகவோ இருக்கும். 1972 இல் தொடங்கிய சர்வதேச கானுயிர் மறுவாழ்வு மன்றம் இத்தகைய வகுப்புகளோடு, தேர்வு எழுதிப் பெறும் சான்றிதழ் ஒன்றையும் தருகிறது. தொடர்ந்து கற்றுக்கொண்டிருப்பதாகக் காட்டினால்தான் அது புதுப்பிக்கப்படும். அமெரிக்காவின் தேசிய கானுயிர் மறுவாழ்வாளர் சங்கம் 1982 இலிருந்து இயங்குகிறது. இவ்விரண்டும் சேர்ந்து வெளியிட்ட தர வரையறைகளில் கூண்டு அளவு முதல் கிருமிநீக்கம் வரை எல்லாம் இருக்கிறது. வகுப்புக்குப் போகுமுன் அதை ஒருமுறை படித்துவிட்டால் கேள்விகள் தானே வரும்.

முதல் நாள் பாடம்: சூடு, நீர், பிறகு தீனி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். புதியவர்களின் கையில் இறக்கும் விலங்குகளில் பல, காயத்தால் இறப்பதில்லை. வரிசை மாறியதால் இறக்கின்றன.

விலங்கு வந்ததும் கொண்டுவந்தவரைப் பிடித்து வைத்துக் கேளுங்கள்: துல்லியமாக எந்த இடம், எத்தனை மணிக்கு, பூனையோ நாயோ தொட்டதா, என்ன ஊட்டினார். எடுத்த இடத்திலேயே விடுவிக்க வேண்டியிருக்கும் என்பதால் ஊர்ப்பெயர் மட்டும் போதாது. பிறகு பெட்டியைத் திறக்காமல் இருட்டான, சத்தமில்லாத, வெதுவெதுப்பான இடத்தில் 20 முதல் 30 நிமிடம் வைத்துவிடுங்கள். இரத்தம் கொட்டுவது, மூச்சுத் திணறல் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

சோர்ந்த பறவைக்குப் பொதுவாக 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் தேவை. சூட்டைப் பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் கொடுங்கள். தாங்காவிட்டால் மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். சிறகைச் சிலிர்த்துக் குறுகி உட்கார்ந்தால் குளிர்கிறது. வாய் திறந்து, இறக்கையை உடலிலிருந்து விலக்கி வைத்திருந்தால் வெக்கை. தலையில் அடிபட்டதற்குக் கூடுதல் சூடு கொடுக்கக் கூடாது. மூளை வீக்கம் கூடும்.

பரிசோதனைக்கு எடுக்குமுன் தராசு, துணி, விளக்கு, பஞ்சு, எழுதும் தாள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். விலங்கைக் கையில் வைத்துக்கொண்டு கத்தரியைத் தேடுவதுதான் பயிற்சி பெறாதவரின் அடையாளம். தூரத்தில் நின்று மூச்சையும் நிற்கும் விதத்தையும் பாருங்கள். பிறகு தலையிலிருந்து வால்வரை ஒரே வரிசையில், ஐந்து நிமிடத்துக்குள். பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். மார்பை இறுக்கிப் பிடித்தால் அமைதியாகிவிடும், ஆனால் அது மூச்சு நின்றுகொண்டிருக்கும் அமைதி. நடுவில் வாய் திறந்து மூச்சு வாங்கினால் வைத்துவிட்டு அரைமணி கழித்துத் தொடருங்கள்.

பூனை கடித்ததாகச் சந்தேகம் வந்தால் காயம் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஊசிமுனை அளவுத் துளை தோலில் மூடிக்கொள்ளும். பூனையின் வாயிலுள்ள பாஸ்டுரெல்லா கிருமி உள்ளே பெருகி, சிறிய பறவையை ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

நீர்க்கணக்கு எல்லாரும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. அடிபட்டு வரும் பறவை சுமார் 10 சதவீதம் நீர் இழந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 500 கிராம் எடையுள்ள பறவைக்கு இழப்பு 50 மி.லி. அன்றாடத் தேவை கிலோவுக்கு 50 மி.லி. வீதம் 25 மி.லி. இழப்பில் பாதியை முதல் நாளே ஈடுகட்டினால் 25 உடன் 25 சேர்ந்து 50 மி.லி.; நான்கு தடவையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 12 மி.லி. மீதிப் பாதியை அடுத்த இரண்டு நாளில் பரப்ப வேண்டும், அதாவது நாளுக்கு 37.5 மி.லி. திரவம் உடல் வெப்பத்துக்குச் சூடாக்கியிருக்க வேண்டும். குளிர்ந்த திரவம், சூடேற்றிய வேலையையெல்லாம் கெடுத்துவிடும்.

உடல் சில்லிட்டிருந்தாலோ தலையைத் தூக்கி நிறுத்த முடியாவிட்டாலோ வாய் வழியே எதுவும் கூடாது. குளிர்ந்த உடலில் குடல் அசையாது. கொடுத்தது தேங்கி மேலே வந்து நுரையீரலுக்குப் போகும். அப்போது ஊசி வழியேதான் திரவத்தைச் செலுத்த வேண்டும்.

குழாய் வழி ஊட்டுவதைப் பலர் பயந்துகொண்டே கற்கிறார்கள். பயம் நல்லதுதான். பறவையின் மூச்சுத்துளை நாக்கின் வேர்ப்பகுதியில் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, குழாயைத் தொண்டையின் பின்பக்கம், பறவையின் வலப்புறமாக இறக்குங்கள். கழுத்து நீட்டியிருக்க வேண்டும். விரலால் தடவினால் வளையம் வளையமான மூச்சுக்குழல் தனியாகவும் ஊட்டுக்குழாய் தனியாகவும் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் வெளியே எடுத்துவிடுங்கள். ஊட்டும்போது வாயில் திரவம் தெரிந்தால் உடனே நிறுத்தி, குழாயை உருவி, பறவையைக் கீழே விட்டுவிட வேண்டும், தானே துப்பிக்கொள்ளும். இறந்த பறவைகளில் இருபது தடவையாவது செய்து பார்க்காமல் உயிருள்ளதைத் தொடாதீர்கள்.

எலும்பும் தோலுமாக வந்த பருந்துக்குப் பாவப்பட்டு முழு எலியைப் போடுவது அடுத்த தவறு. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென உணவு கிடைத்தால் இரத்தத்தில் உள்ள பாஸ்பரசும் பொட்டாசியமும் செல்களுக்குள் பாய்ந்து, இதயம் நின்றுபோகும். முதலில் நீர், அடுத்து எளிதில் செரிக்கும் நீர்மத் தீனி சிறு அளவில், சில நாள் கழித்து ரோமமும் எலும்பும் நீக்கிய இறைச்சித் துண்டு, கடைசியில்தான் முழு இரை.

குஞ்சும் குட்டியும்

இனப்பெருக்கக் காலத்தில் வரும் குஞ்சுகளில் பலவற்றுக்கு நம் உதவியே தேவையில்லை. இறகு முளைத்துத் தரையில் தத்தும் குஞ்சைத் தாய் அருகிலிருந்தே ஊட்டிக்கொண்டிருக்கும். திருப்பி அனுப்பக் கற்றுக்கொடுக்காத பயிற்சி, பாதி நேரத்தை வீணாக்குகிறது.

வளர்க்க வேண்டியே வந்தால் இரண்டு ஆபத்துகள். ஒன்று எலும்பு. வெறும் இறைச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். வளரும் குஞ்சுக்குக் கால்சியம் ஏறத்தாழ இரு மடங்கு இருக்க வேண்டும். இறைச்சி மட்டும் ஊட்டினால் இரண்டே வாரத்தில் கால் வளைந்துவிடும், பிறகு நிமிராது. மற்றொன்று மனம். கண் திறந்த சில நாளிலேயே குஞ்சு யாரைப் பார்க்கிறதோ அதையே தன் இனம் என்று பதித்துக்கொள்ளும். அதனால்தான் ஊட்டுவதற்குத் தாய்ப்பறவை உருவக் கைப்பாவை, மறைப்புத் திரை, பேச்சில்லாத அறை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் இனத்துக் குஞ்சுகளின் துணை. ஒற்றைக் குஞ்சு இருந்தால் வேறு மையத்தில் இருக்கும் அதே இனக் குஞ்சோடு சேர்ப்பதே சரி. அதைப் பிரிய மனமில்லாமல் வைத்துக்கொள்பவர்கள் பின்னால் வருந்துகிறார்கள்.

பாலூட்டிக் குட்டிக்கு மாட்டுப்பால் ஆகாது. இனத்துக்கேற்ற பால்மாவு வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டக் கூடாது, குப்புற இருக்கும் நிலையில்தான். சிறு குட்டிகளுக்கு ஒரு வேளைக்கு உடல் எடையில் சுமார் 5 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள்: 60 கிராம் குட்டிக்கு 3 மி.லி. ஊட்டியதும் ஈரப் பஞ்சால் பின்பகுதியை வருடிச் சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். மூக்கில் பால் குமிழி வந்தால் அடுத்த மூன்று நாளும் மூச்சைக் கவனிக்க வேண்டும்; நுரையீரல் அழற்சி அப்படித்தான் தொடங்கும்.

கைப்பழக்கம்: ஒரு முழுப் பருவம்

வகுப்பறைச் சான்றிதழோடு நின்றுவிடாமல் நோயாளிகள் குவியும் இனப்பெருக்கப் பருவம் முழுக்க ஒரு மையத்தில் இருங்கள். முதல் சில வாரம் கூண்டு கழுவுவதும் தீனி வெட்டுவதும்தான் தருவார்கள். சலித்துக்கொள்ள வேண்டாம். எச்சத்தின் நிறமும் மீதம் விட்ட தீனியும் எக்ஸ்-ரேக்கு முன்பே நோயைச் சொல்லிவிடும். கிருமிநாசினியைப் பற்றியும் அங்கேதான் புரியும்: அழுக்கை முதலில் சுரண்டிக் கழுவாமல் ஊற்றினால் அது வேலையே செய்யாது, ஊற்றியபின் குறிப்பிட்ட நேரம் ஈரமாக நிற்க வேண்டும். வைக்கோலைப் படுக்கையாகப் போட்டால் பூஞ்சைத் தூள் பறந்து, ஏற்கெனவே தளர்ந்த கழுகுகளுக்கும் நீர்ப்பறவைகளுக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் நோய் வரும். அது வந்தபின் மீட்பது கடினம்.

மான், கொக்கு போன்ற நீள்கால் உயிர்களைப் பிடிக்கும் பயிற்சியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். துரத்திப் பிடித்த மான் பார்வைக்கு நன்றாக இருந்து, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்துச் சாகும். ஓட்டத்தில் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்குவதுதான் காரணம். வந்தபின் சிகிச்சை ஏறக்குறைய இல்லை. கண்ணைக் கட்டு, சத்தம் போடாதே, இரண்டு நிமிடத்தில் முடியாவிட்டால் விட்டு விலகு: மொத்தப் பாடமும் இவ்வளவுதான். செய்யும்போதுதான் எவ்வளவு கடினம் என்று தெரியும்.

கால்நடை மருத்துவர்களுக்கு

நாய், பூனை, மாடு ஆகியவற்றில் பழகிய கை, மருந்தில்தான் முதலில் சறுக்கும். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கொடுத்த மாட்டின் உடலைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இலட்சக்கணக்கில் மடிந்தன; காரணம் 2004 இல் வெளியானது, 2006 இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. பாறு கழுகுகளுக்கு மெலாக்சிகாம் என்ற வலி மருந்து பாதுகாப்பானது. ஆமைக்கு ஒட்டுண்ணி மருந்தான ஐவர்மெக்டின் விஷம். முயலுக்கு வாய்வழி பென்சிலின் குடல் நுண்ணுயிர்களை அழித்துக் கொல்லும். சிறு பறவைகளுக்குப் புரோக்கெய்ன் சேர்ந்த பென்சிலின் ஆகாது. இப்படி ஒரு பட்டியலை இனவாரியாகச் சுவரில் ஒட்டிவைக்கும் மையத்தில் பயிற்சி எடுங்கள்.

பறவையின் மேற்கை எலும்பும் தொடை எலும்பும் பல இனங்களில் காற்றறையோடு இணைந்தவை. உடைந்து திறந்த மேற்கை எலும்பில் உப்புநீரைப் பீய்ச்சினால் அது நேரே சுவாச அறைக்குள் போய் மூழ்கடிக்கும். பறவை எலும்பு மூன்று வாரத்தில் கூடிவிடும். ஆனால் போட்ட கட்டை அத்தனை நாளும் அவிழ்க்காமல் விட்டால் இறக்கையின் முன்விளிம்புத் தோல் சுருங்கி, எலும்பு சேர்ந்தும் பறக்க முடியாமல் போகும். இடையில் மயக்கம் கொடுத்து மெல்ல நீட்டி மடக்கும் பயிற்சி வேண்டும். மூட்டுக்கு அருகில் முறிவு என்றால் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைக்கு விடுவிப்பு வாய்ப்பு மிகக் குறைவு. எக்ஸ்-ரே பார்த்த அன்றே அதைச் சொல்லும் துணிவும் கற்றுக்கொள்ள வேண்டியதே.

தூரத்திலிருந்து மயக்க ஊசி எய்வதைக் காணொளியில் கற்க முடியாது. எடை மதிப்பீடு, தசை தேர்வு, ஊசியின் வேகம், ஓடும் விலங்கு நீரிலோ பள்ளத்திலோ விழாமல் பார்க்கும் ஆட்கள் என ஒவ்வொன்றும் பழக வேண்டும். எட்டார்ஃபின் போன்ற கடும் ஓப்பியாய்டுகளில் (அபின் வகை மருந்துகள்) ஒரு துளி மனிதரையே வீழ்த்தும். மாற்று மருந்தை எடுத்துவைத்து, அதைச் செலுத்தத் தெரிந்த இரண்டாம் ஆள் பக்கத்தில் இல்லாமல் குப்பியைத் திறக்கக் கூடாது. மயங்கிய பாலூட்டியின் உடல் வெப்பம் 41 டிகிரியைத் தொட்டால் அது அவசர நிலை: தண்ணீர் ஊற்றுங்கள், வேலையை நிறுத்துங்கள், மயக்கத்தைத் தெளிவியுங்கள்.

நிபுணத்துவம் வேண்டுவோர் பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி, தொடர்ந்து சில ஆண்டு சிறப்புப் பயிற்சி, பிறகு தேர்வு என்ற வழியில் போகிறார்கள். 1983 இல் தொடங்கிய அமெரிக்க விலங்கியல் மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு இத்தகைய தகுதியை வழங்குகிறது; ஐரோப்பாவிலும் இணையான அமைப்பு உண்டு. லண்டனில் ராயல் வெட்டரினரி கல்லூரியும் லண்டன் விலங்கியல் சங்கமும் சேர்ந்து கானுயிர் நலத்தில் முதுகலை நடத்துகின்றன. இரைகொல்லிப் பறவைகள் மட்டும் வேண்டுமென்றால் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1974 இல் தொடங்கிய மையம். எண்ணெய்க் கசிவு என்றால் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட வலைப்பின்னல். எண்ணெய் படிந்த பறவையை உடனே கழுவுவதில்லை. ஓரிரு நாள் தேற்றி, நீரிழப்பைச் சரிசெய்த பிறகே 40 டிகிரிக்குச் சற்று மேலான சோப்புநீர். கழுவுவதைவிட அலசுவது முக்கியம்: சோப்பு துளி மிஞ்சினாலும் இறகு நீரைத் தடுக்காது.

கருணைக்கொலை, விடுவிப்பு

கருணைக்கொலையின் மருந்தளவு ஒரு பக்கத்தில் முடியும். எப்போது என்பதற்குத்தான் பயிற்சி தேவை. மையத்தில் எழுதிவைத்த நிபந்தனைகள் இருக்க வேண்டும்: வேட்டைப் பறவைக்கு ஒரு இறக்கையோ இரு கண்ணோ போனது, முதுகுத்தண்டு முறிவு, மனிதரைத் தன் இனமாக மீளாதபடி பதித்துக்கொண்டது. கருணைக்கொலை மருந்தான பென்டோபார்பிட்டால் செலுத்திய உடலை எரிக்க வேண்டும், இல்லையேல் ஆழப் புதைக்க வேண்டும். தின்றுவிடும் கழுகும் நரியும் அடுத்த பலி.

விடுவிக்குமுன் சரிபார்க்க: எடை அந்த இனத்துக்கு இயல்பான அளவில், இரையைத் தானே பிடிக்கிறது, மனிதரைக் கண்டால் விலகுகிறது, பெரிய பறப்புக் கூண்டில் பலமுறை பறந்தும் வாய் திறந்து இளைப்பதில்லை, நீர்ப்பறவை என்றால் நீரில் மணிக்கணக்கில் மிதந்தும் உடல் நனைவதில்லை. பகலில் உலவுவதைக் காலையில், இரவில் உலவுவதை அந்தியில் விடுங்கள். மழை, புயல் எதிர்பார்க்கும் நாள் வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் பத்தடி பின்வாங்கி நில்லுங்கள். துரத்தி வெளியேற்றாதீர்கள், சில உயிர்கள் அரைமணி நேரம்கூடச் சுற்றிப் பார்க்கும். வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டால் மீண்டும் பிடிக்க வலை தயாராக இருக்கட்டும். போய்விட்டால் பதிவேட்டில் இடம், நேரம், எடை, காலில் மாட்டிய வளையத்தின் எண்ணை அங்கேயே நின்று எழுதிவிட்டு, திரும்பியதும் பெட்டியைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி பூசி, வெயிலில் காயவையுங்கள். அடுத்த வரவு அதற்குள்தான் வரும்.